ஐந்து முறை மறைந்தவளின் கார்

என் மனைவி முதல் தடவை இறந்தபோது அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் கூடத்தில் உட்கார்ந்து, பத்திரிகையில் போடுவதற்காக ஒரு வரி விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தேன். "மறைந்த மனைவியின் கார். அவர் மட்டுமே ஓட்டியது. மெதுவாக ஓட்டியது. பார்க்கும்போதெல்லாம் மனம் கலங்குவதால் விற்பனைக்கு." எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கிவிட்டது. வெங்காயம்தான் காரணம். ஆனாலும் விளம்பரம் நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது எனக்கு வேலை, வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைக் குறித்துக்கொண்டு வருவது. ஊரில் எந்த வீட்டில் எந்தக் கார் எத்தனை மாதமாகத் தூசி படிந்து நிற்கிறது என்பது என்னைப் போல யாருக்கும் தெரியாது. மீட்டரைப் பார்க்கும் சாக்கில் காரைப் பார்ப்பேன். அடிமாட்டு விலைக்குக் கேட்பேன். வீட்டுக்கு ஓட்டி வந்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை துடைத்து, பிளக் மாற்றி, விற்றுவிடுவேன்.

ஒரே ஒரு சிக்கல். வேலையில் சேரும்போது, வேறு எந்தத் தொழிலும் செய்ய மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். நான் கார் வியாபாரி என்று எவராவது நிரூபித்தால் வேலை போய்விடும்.

அதற்கும் ஒரு வழி கிடைத்தது. ஒரு வீட்டில் கதவு திறக்கக் காத்திருந்தபோது, சுவரில் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் அறிவிப்பு ஒன்று ஒட்டியிருந்தது. 'தனி ஆள் ஒருவர் தன் சொந்தப் பழைய காரை விற்றால், அவர் வியாபாரி அல்ல. பார்த்து வாங்குவது வாங்குபவரின் பொறுப்பு.' அதற்குக் கீழே இன்னும் என்னவோ இருந்தது. ஆனால் அதன்மேல் யாரோ நாய் காணவில்லை என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நான் படித்த சட்டம் நாய் வரைக்கும்தான்.

அன்றே முடிவு செய்தேன். நான் சாகிறவரை தனி ஆளாகவே இருப்பேன்! தனி ஆள் சொந்தக் காரை விற்க ஒரு காரணம் வேண்டும். யாரும் எதிர்க்கேள்வி கேட்காத காரணமாக இருக்க வேண்டும். மனைவி இறந்துவிட்டாள் என்று சொன்னால் எவன் பேரம் பேசுவான்?

என் மனைவிக்கோ அந்தக் கார்கள்மேல் கொள்ளை ஆசை. புதிதாக ஒன்று வாசலுக்கு வந்தால் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் பார்ப்பாள்.

"என்னங்க, இதுவாவது நம்மகிட்ட நிக்குமா?"

"நிக்காது. வந்த வழியே போயிடும்."

"போறதுக்குள்ள ஒரு தடவை நான் ஓட்டிப் பாக்கட்டுமா?"

"உனக்கு பிரேக் எது, ஆக்ஸிலேட்டர் எதுன்னு தெரியுமா?"

"சொல்லிக் குடுத்தாத் தெரியும்."

"உனக்கெல்லாம் சரிப்படாது. போய் வேலையப் பாரு."

வாங்க வருகிறவர்களிடம் நான் சொல்லும் கதையில் அவள் பத்து வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியிருந்தாள். வீட்டில் அவளுக்கு ஹார்ன் அடிக்கக்கூட அனுமதி இல்லை.

அவர்கள் மெதுவாகக் கேட்பார்கள், "எப்படித் தவறினாங்க?" முதல் காருக்கு மாரடைப்பு. இரண்டாவது காருக்கு மஞ்சள் காமாலை. மூன்றாவது காருக்கு மாடிப்படி. சாவியும் ஒன்றுதான் கொடுப்பேன். "இன்னொரு சாவி அவ கைப்பையில இருந்துச்சு. அதோடயே போயிடுச்சு..." என்று சொல்லித் தரையைப் பார்ப்பேன். பேரம் அங்கேயே முடிந்துவிடும். இரண்டாவது சாவியை ஒரு தகர டப்பாவில் போட்டு மறந்துவிடுவேன்.

விநோதம் முதலில் நடந்தது இரண்டாவது காரில். விற்கிற அன்று காலை கதவைத் திறந்து உட்காரப் போனேன். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டு முன்னால் வந்திருந்தது. நான் நெட்டையன். இரவு படுக்கப் போகும்முன் நானே பின்னால் தள்ளி வைத்திருந்தேன். உள்கண்ணாடியும் கீழே சாய்ந்திருந்தது. என் தோளுயரமே உள்ள யாரோ அதில் பின்பக்கத்தைப் பார்த்ததுபோல.

உள்ளே லேசாக யூக்கலிப்டஸ் தைல வாசனை. என் மனைவி தலைவலிக்குத் தடவுவது.

சீட்டின் ஸ்பிரிங் தேய்ந்திருக்கும், வாசனை என் சட்டையிலிருந்து வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது காரை வாங்கியவர் ஒரு மருந்துக் கடைக்காரர். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தார். வாங்கிய பத்தாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

"சார், தப்பா நினைக்காதீங்க. காலையில வண்டியத் தொறந்தா சீட்டு முன்னாடி வந்திருக்கு. தினமும்."

"ஸ்பிரிங்கா இருக்கும் சார்."

"அப்ப அந்தத் தைல வாசனை?"

நான் ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"சார்... உங்க மனைவிக்குத் தலைவலி வருமா?"

ஏதாவது சொல்லியாக வேண்டும். "அவ ரொம்ப நல்லவ சார். யாரையும் ஒண்ணும் செய்ய மாட்டா," என்றேன். ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால், கையில் காபி டம்ளரோடு பின்னாலேயே நிற்கிறாள்.

"யாருங்க ரொம்ப நல்லவ?"

"ஆபீஸ்ல ஒருத்தங்க."

"அப்படியா," என்றாள். காபியைக் கொடுத்தாள். அது ஆறிப்போயிருந்தது. எவ்வளவு நேரமாக நின்றுகொண்டிருந்தாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஐந்தாவதாக வந்தது பால்வெள்ளை நிறத்தில் ஒரு சின்னக் கார். அதைப் பார்த்ததும் என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. பானெட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அவ்வளவுதான்.

அதை வாங்க ஒரு பாட்டு டீச்சர் வந்தார். நான் மீட்டர் எடுக்கும் தெருக்களில் ஒன்றில்தான் அவர் வீடு. கூடத்தில் உட்கார்த்தி, மறைந்தவளின் அருமை பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைக்குப் போயிருந்த மறைந்தவள் பையோடு வாசலில் நுழைந்தாள்.

"இவங்க?" என்றார் டீச்சர்.

"என் மனைவியோட தங்கச்சி."

"அப்படியே இந்தப் படத்துல இருக்கிற மாதிரியே இருக்காங்களே!" எங்கள் கல்யாணப் படம் சுவரில் மாட்டியிருந்தது.

"ஒரே முகவெட்டு," என்றேன்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். போன சத்தமே கேட்கவில்லை.

டீச்சர் காரை ஓட்டிக்கொண்டு போனார். சாப்பிட உட்கார்ந்தேன். ஒரே ஒரு தட்டு இருந்தது.

"உனக்கு?"

"நான் யாருங்க?"

"என்ன இப்படிக் கேக்குற?"

"அக்கா இருக்காங்களா, இல்லையா?"

"அது... ஒரு பேச்சுக்குச் சொன்னது. அக்கா இல்லை."

"எத்தனை நாளா இல்லை?"

"ரெண்டு வருஷமா."

"இல்லாதவங்களுக்கு எதுக்குங்க தட்டு?"

கோபமே இல்லாத குரலில் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது. அதற்கப்புறம் வீட்டுக்குள் அவள் நடப்பது கேட்காது. ஒரு அறையில் இருப்பாள், அடுத்த நிமிடம் இன்னொரு அறையில் இருப்பாள். கூப்பிட்டால் பதில் வராது. திரும்பினால் பின்னால் நிற்பாள். சாம்பல் நிறத்தில் ஒரு சால்வையை வேறு போர்த்திக்கொள்ளத் தொடங்கினாள். ஒருத்தியை ஐந்து தடவை எழுத்தில் சாகடித்தால் ஒரு தடவையாவது பலித்துவிடுமோ என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது.

சீட்டை அவள்தான் நகர்த்துகிறாள் என்ற சந்தேகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். பிரேக் எது என்று தெரியாதவள்மேல் எப்படிச் சந்தேகம் வரும்? தெரியாதபடி பார்த்துக்கொண்டது நான்தானே!

இரண்டு வாரம் கழித்து டீச்சர் கூப்பிட்டார்.

"மீட்டர் சார், சீட்டு நகருது."

"ஸ்பிரிங்..."

"கண்ணாடி சாயுது."

"ஸ்குரு லூசா இருக்கும்..."

"காலையில நிறுத்திட்டுப் பள்ளிக்கூடம் போறேன். சாயங்காலம் வந்து பாத்தா நாலு கிலோமீட்டர் ஓடியிருக்கு. அதுவும் ஸ்குருவா?"

"மீட்டர்ல ஏதாவது கோளாறு..."

"மீட்டர் பொய் சொல்லாதும்மான்னு, போன மாசம் என் வீட்டு வாசல்ல நின்னு சொன்னது யாரு சார்?"

அது என் பிழைப்பின் வேதவாக்கு. ஊர் முழுக்க அதைச் சொல்லித்தான் வம்பை முடிப்பேன்.

நேரில் பார்த்துவிடுவது என்று மறுநாள் மதியம் அந்தத் தெருவுக்குப் போனேன். உச்சி வெயில். ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. என் நிழல் காலுக்கடியில் சுருண்டு கிடந்தது. தெருமுனையில் சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

பால்வெள்ளைக் கார் வந்துகொண்டிருந்தது. மெதுவாக. என் விளம்பரத்தில் எழுதியிருந்த அதே மெதுவாக.

ஸ்டியரிங்கில் என் மனைவி. சாம்பல் சால்வை. முதுகு நிமிர்ந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நேர் எதிரே பார்த்தபடி. என்னைத் தாண்டிப் போனாள். கண் அசையவில்லை. முகத்தில் எந்தக் கவலையும் இல்லை. உயிரோடு இருந்தபோது, அதாவது வீட்டில், அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு ஓடினேன். குறுக்குச் சந்துகளில் புகுந்து ஓடினேன். அடுப்படியில் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கவில்லை. எனக்குத்தான் வாங்கியது.

"நீ... நீ இங்கதான் இருந்தியா?"

"நான் எங்கங்க இருக்கேன்? நான்தான் ரெண்டு வருஷமா இல்லையே."

அந்த வாரமே கடிதம் வந்தது. நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகம். டீச்சர் புகார் கொடுத்திருக்கிறார். விசாரணைக்கு நேரில் வர வேண்டும்.

நீளமான நடை. இரண்டு பக்கமும் மூடிய கதவுகள். கோடியில் ஓர் அறை. விசாரணை அதிகாரி ஓர் அம்மாள். மூக்குக் கண்ணாடிக்குச் சங்கிலி போட்டிருந்தார். எதிரில் ஒரு கோப்பு. டீச்சர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"நீங்க வியாபாரியா?" என்றார் அதிகாரி.

"இல்லைங்க. தனி ஆள். சொந்தக் கார். பாத்து வாங்குறது வாங்குறவங்க பொறுப்பு." மனப்பாடமாகச் சொன்னேன்.

"எங்க படிச்சீங்க?"

"சுவத்துல."

அதிகாரி அந்த அறிவிப்பின் முழுத் தாளை என் முன்னால் வைத்தார். நாய்க்குக் கீழே இருந்ததை அன்றுதான் படித்தேன். 'ஆனால் விற்பதற்கென்றே அடிக்கடி வாங்குபவர், சரிசெய்து லாபத்துக்கு விற்பவர், தன்னை எப்படி அழைத்துக்கொண்டாலும் வியாபாரியே. பழுதுக்கு அவரே பொறுப்பு.'

"நான் லாபத்துக்கு விக்கலைங்க. மனைவி போயிட்டா. மனசு தாங்கல. அதான்..."

அதிகாரி கோப்பைத் திறந்தார். ஐந்து விளம்பரத் துண்டுகளை வரிசையாக அடுக்கினார்.

"ரெண்டு வருஷத்துல அஞ்சு தடவை போயிருக்காங்க."

நான் துண்டுகளை எண்ணிப் பார்த்தேன். ஐந்துதான்.

"ஒரு தடவை போனாங்கன்னா அது குடும்பத்துல துக்கம். அஞ்சு தடவை போனாங்கன்னா அது வியாபாரம். உங்களுக்கு எத்தனை மனைவி?"

ஒன்று என்றால் நான்கு விளம்பரம் பொய். வியாபாரி ஆகிவிடுவேன். வேலை போய்விடும். யோசிக்க நேரமில்லை.

"அஞ்சு," என்றேன்.

"அஞ்சும் செத்துட்டாங்களா?"

"ஆமாங்க."

"ரெண்டு வருஷத்துக்குள்ள?"

"ஆமாங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இது என் கோப்பு இல்லை. போலீசுக்கு அனுப்பணும்." ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். "யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க வியாபாரியா, இல்ல..."

"வியாபாரிங்க! வியாபாரி!" என்று கத்தினேன்.

அப்போது கதவு திறந்தது. சால்வையைச் சரிசெய்தபடி அவள் வந்து நின்றாள். அறை முழுக்கத் தைல வாசனை.

"இவங்க யாரு?" என்றார் அதிகாரி.

"மறைந்த மனைவி," என்றேன். பழக்கதோஷம்.

டீச்சர் சிரித்துவிட்டார். அதற்கப்புறம்தான் எனக்கு எல்லாம் புரிந்தது. கார் வாங்கின மூன்றாம் நாளே டீச்சர் ஏதோ கேட்க எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் வேலைக்குப் போயிருந்தேன். மறைந்தவள் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரு மணிநேரம் பேசியிருக்கிறார்கள். மறுநாளிலிருந்து இடைவேளை நேரத்தில் டீச்சர் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார். பத்தே நாளில் தனியாகவும் விட்டிருக்கிறார். நான்கு கிலோமீட்டர் என் மனைவியின் தினசரிப் பாடம். புகாரும் இருவரும் சேர்ந்து எழுதியதுதான்.

அதிகாரி டீச்சரைக் கேட்டார், "வியாபாரின்னு உத்தரவு எழுதவா, சமரசம்னு முடிச்சுக்கறீங்களா?"

டீச்சர் என் மனைவியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் வேலை, என் சோறு எல்லாம் அவள் வாயில் இருந்தது.

"சமரசம்னே எழுதுங்க," என்றாள் அவள். "டீச்சர் குடுத்த பணத்தையெல்லாம் திருப்பிக் குடுத்துடணும். இனிமே ஒரு வண்டியும் விக்கக் கூடாது. அந்த வெள்ளை வண்டிய என் பேருக்கு மாத்திடணும்."

"எதுக்கு உன் பேருக்கு?" என்றேன்.

அவள் ஐந்தாவது விளம்பரத் துண்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். "படிங்க. யாரோட கார்னு எழுதியிருக்கு?"

கையெழுத்துப் போட்டேன். அதிகாரி, "மத்த நாலு பேர்ல ஒருத்தர் வந்தாலும் இந்தக் கோப்பு திரும்பத் தெறக்கும்," என்று சொல்லி அதைக் கட்டினார்.

வீட்டுக்கு அவள் ஓட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தகர டப்பாவில் இருந்த சாவிகள் இப்போது அவள் மடியில் கிடந்தன.

"வித்த வண்டியில எல்லாம் போய் சீட்டை நகத்தினியா?"

"வாசல்ல நின்ன வண்டிகள்ல உக்காந்து பாத்தேன். வித்ததுல உள்ளூர்ல இருந்த ரெண்டுல மட்டும் ஒருநாள் போய் உக்காந்தேன். நான் ஓட்டின வண்டின்னு நீங்கதானே எழுதினீங்க? பாக்க ஆசையா இருந்துச்சு."

"மருந்துக் கடைக்காரர் வண்டிக்கு? ஐம்பது கிலோமீட்டர் எப்படிப் போனே? தினமும் வேற!"

அவள் திரும்பவில்லை. "மூணாவது வண்டியா? அதுக்கு ரெண்டாவது சாவியே வரலையேங்க. நான் அந்தப் பக்கமே போகலை."

சாவிகளை எண்ணினேன். நான்கு இருந்தன.

இருபத்திரண்டு வருடம் அந்தக் காரை ஓட்டினாள். மெதுவாக ஓட்டினாள். ஒரு கீறல் விழவில்லை. துடைப்பதற்காக நான் உள்ளே உட்கார்ந்தாலும் சீட்டைப் பின்னால் தள்ள விடமாட்டாள். முழங்காலை மடக்கிக்கொண்டே துடைப்பேன். என் விளம்பரத்தில் பொய்யாக எழுதியதெல்லாம் ஒவ்வொன்றாக உண்மையாகிக்கொண்டு வந்தது. முதல் வார்த்தையைத் தவிர.

எட்டு மாதத்துக்கு முன்னால் அதுவும் ஆகிவிட்டது. இந்தத் தடவை நான் எழுதவில்லை. மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தார்கள். எப்படித் தவறினாங்க என்று வந்தவர்கள் கேட்டார்கள். அத்தனை காரணம் சொல்லிப் பழகின எனக்கு அன்றைக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை.

எனக்குக் கண் மங்கிவிட்டது. ஓட்ட முடியாது. கார் சும்மா நின்றது. அவளுடைய சாவியைக் கைப்பையில் தேடினேன். அங்கே இல்லை. என் சாவியால் திறந்து, தூசி தட்டும்போது சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு வருவேன். மறுநாள் காலையில் அது முன்னால் இருக்கும். ஸ்பிரிங்தான் என்று உரக்கச் சொல்லுவேன். பதில் சொல்ல ஆள் இல்லாத வீட்டில் உரக்கச் சொன்னால் என்ன?

போன வாரம் பூதக்கண்ணாடி வைத்துக் காரின் மீட்டரைப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க மீட்டர் குறித்தவன், ஒரு எண்ணைப் பார்த்தால் மறக்கமாட்டேன். நான்கு கிலோமீட்டர் கூடியிருந்தது.

விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். தாளை எடுத்து எழுதினேன். "மறைந்த மனைவியின் கார். அவர் மட்டுமே ஓட்டியது. மெதுவாக ஓட்டியது. பார்க்கும்போதெல்லாம் மனம் கலங்குவதால் விற்பனைக்கு." ஓர் எழுத்தும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. எல்லாம் நிஜம்.

பத்திரிகை அலுவலகத்துக்கு நடந்தே போனேன். வீட்டிலிருந்து சரியாக இரண்டு கிலோமீட்டர். கவுண்டரில் ஒரு பெண். தாளை வாங்கிப் படித்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். மேசைக் கண்ணாடிக்கு அடியில் குனிந்து எதையோ பார்த்தாள்.

"சார், இதைப் போட முடியாது."

"ஏம்மா?"

"மீட்டர் சார் நீங்கதானே? உங்களைப் பத்தி ஒரு அம்மா எழுதிக் குடுத்திருக்காங்க. 'என் கணவர் நான் இறந்துவிட்டதாக விளம்பரம் கொண்டுவந்தால் நம்ப வேண்டாம்'னு. ரொம்ப வருஷமா அவங்களே வந்து, பழசை எடுத்துட்டுப் புதுசா வெச்சுட்டுப் போவாங்களாம்."

கண்ணாடிக்கு அடியில் அவள் கையெழுத்து இருந்தது. சாய்ந்த கையெழுத்து. சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. இத்தனை வருடமும் முன்னெச்சரிக்கையாக இருந்திருக்கிறாள்!

"அம்மா, இந்தத் தடவை நிஜமாவே இல்லை. எட்டு மாசம் ஆச்சு."

அந்தப் பெண் கொஞ்சமும் அசையவில்லை. என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பாள்!

"தேதியப் பாருங்க சார். போன செவ்வாக்கிழமைதான் வந்து புதுசு வெச்சுட்டுப் போனாங்க. சால்வை போத்திக்கிட்டு, வெள்ளைக் கார்ல."

கண்ணாடிக்கு வெகு அருகில் குனிந்து தேதியைப் படித்தேன். எண்கள் எனக்குத் தப்பாது. மேசையிலிருந்து லேசாகத் தைல வாசனை வந்தது.

அவள் என் தாளைத் திருப்பி என்னிடமே நீட்டினாள்.

"வேணும்னா ஒண்ணு பண்ணுங்க சார். வீட்டுக்குப் போய், அம்மாகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க."